முத்திரை இல்லாத சுங்கான்: செய்தவர் யார்?

ஷெர்லாக் ஹோம்ஸைப் பார்க்க வந்த ஒருவர் காத்திருந்து பொறுமையிழந்து, தம் சுங்கானை மேசைமேல் மறந்து வைத்துவிட்டுப் போய்விடுகிறார். ஹோம்ஸ் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். உடையவர் இடக்கைப் பழக்கமுள்ளவர், உடல்வலு உள்ளவர், பல்வரிசை உறுதியானது, பொருளைப் பேணுவதில் அசட்டை, கையில் காசுக்குக் குறைவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். கிண்ணத்தின் வலப்பக்கம் கருகியிருக்கிறது, ஆம்பர் வாய்க்குழலில் பல் ஆழப் பதிந்திருக்கிறது, வெள்ளிப் பூண் போட்டு இரண்டு முறை பழுது பார்த்திருக்கிறார்கள். இவையே சான்று. ஆர்தர் கோனன் டாயில் 1893-இல் வெளியிட்ட ‘மஞ்சள் முகம்’ கதையில் வரும் காட்சி இது. முதல் நாவலிலேயே நம் திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் சாம்பலை அடையாளம் கண்ட மனிதர் அவர். ஆனாலும் அந்தச் சுங்கானைச் செய்தவர் யார் என்று அவர் சொல்லவில்லை.

சொல்லியிருக்க முடியுமா என்பதே சந்தேகம்தான். தாத்தாவின் பெட்டியிலிருந்தோ பழம்பொருள் கடையிலிருந்தோ பெயர் பொறிக்காத சுங்கான் ஒன்று கைக்கு வந்தால் எல்லோரும் கேட்பது இரண்டு கேள்விகள். இது என்ன வடிவம்? யார் செய்தது? முதல் கேள்விக்குச் சில நிமிடங்களில் விடை கிடைத்துவிடும். இரண்டாவதற்குப் பெரும்பாலும் கிடைப்பதே இல்லை. நடுவில் இன்னும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன: எந்தக் காலத்தது, எந்த வட்டாரத்தது? முத்திரை இல்லாத சுங்கான் நம்பத்தகுந்த விடை தருவது இந்த இரண்டுக்கும்தான். விற்பவர்களும் சேகரிப்பவர்களும் இவற்றைத் தாண்டி நேரே பெயருக்குப் பாய்ந்துவிடுகிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

வடிவத்தை முதலில் முடித்துவிடலாம். புகையிலை அடைக்கும் கிண்ணம், அதிலிருந்து நீளும் மரத்தண்டு, தண்டுக்குள் செருகும் வாய்க்குழல் என்று சுங்கானுக்கு மூன்று உறுப்புகள். மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் பெயர் வைக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் அடிப்படை ‘பில்லியர்ட்’: நேராக நிற்கும் கிண்ணம், நடுவில் இலேசான புடைப்பு, கிண்ணத்தின் உயரமும் தண்டின் நீளமும் ஏறக்குறைய சமம். அதே கிண்ணத்தோடு தண்டை நீட்டி வாய்க்குழலைக் குறுக்கினால் நான்கு பெயர்கள் பிறக்கின்றன. தண்டு உருண்டையாக இருந்து வாய்க்குழல் சீராகச் சரிந்து மெலிந்தால் லிவர்பூல். உருண்டைத் தண்டோடு வாய்க்குழல் சட்டென்று படிவிட்டுத் தட்டையானால் லோவட். தண்டு நீள்வட்டமாக இருந்து வாய்க்குழல் சரிந்தால் கனடியன். நீள்வட்டத் தண்டும் படிவிட்ட வாய்க்குழலும் சேர்ந்தால் லம்பர்மேன். கண்ணைவிட விரல் இங்கே நல்ல கருவி. தண்டை இரு விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தால் உருண்டையா நீள்வட்டமா என்பது உடனே தெரிந்துவிடும்.

மற்றவை எளிது. உருண்டு திரண்ட கிண்ணம் ஆப்பிள். மேல்நோக்கி விரிந்தால் டப்ளின். அடி தட்டையாக மேசைமேல் நின்றால் போக்கர். கிண்ணத்தின் இடுப்பில் இரட்டை வரிப்பள்ளம் ஓடி, தண்டின் குறுக்குவெட்டு சாய்சதுரமாக இருந்தால் புல்டாக். அதே கிண்ணத்துக்கு உருண்டைத் தண்டு இருந்தால் ரொடீஷியன். மோவாய்வரை வளைந்து தொங்கும் ‘ஊம் பால்’ வடிவத்துக்கு டிரான்ஸ்வால் அதிபர் பால் குரூகரின் பட்டப்பெயர் வாய்த்தது. ஹோம்ஸ் என்றாலே நினைவுக்கு வரும் பெரிய வளைந்த சுரைக்காய்ச் சுங்கான், அதாவது காலபாஷ், கதைகளில் எங்கும் இல்லை. மேடையும் திரைப்படமும் பின்னால் சேர்த்தது அது. கதைகளில் அவர் பிடிப்பவை களிமண், பிரையர், செர்ரி மரச் சுங்கான்கள்.

இந்தப் பெயரிடலில் பொறி ஒன்று உண்டு. வாய்க்குழல்தான் முதலில் உடையும், கடிபட்டுத் தேயும், தொலையும். லிவர்பூலாகப் பிறந்த சுங்கானுக்கு யாரோ ஒரு பழுதுபார்ப்பவர் படிவிட்ட வாய்க்குழலைப் போட்டுக் கொடுத்தால் அது லோவட் ஆகிவிடும். வாய்க்குழலில் பதித்த புள்ளியையோ எழுத்தையோ மட்டும் நம்பிச் செய்தவரைச் சொல்வதும் இதே காரணத்தால் ஆபத்து. டன்ஹில் நிறுவனத்தின் வெள்ளைப் புள்ளி உலகப் புகழ் பெற்றது. அதனாலேயே வெள்ளைப் புள்ளி மட்டும் இருந்து, தண்டில் எதுவுமே இல்லாத சுங்கானை நான் ஐயத்தோடுதான் பார்ப்பேன்.

வடிவம் தெரிந்தால் செய்தவர் தெரிந்துவிடுமா? தெரியாது. பில்லியர்டும் ஆப்பிளும் புல்டாகும் யாருடைய சொத்தும் அல்ல. ஒவ்வொரு நிறுவனத்தின் பட்டியலிலும் அவை இருந்தன. வேறுபடுத்திக்கொள்ள நிறுவனங்கள் வடிவ எண் பொறித்தன. ஜி.பி.டி. நிறுவனத்தின் 9438 என்றால் வளைந்த ரொடீஷியன். இத்தாலியின் சவினெல்லி 320 என்றால் பருத்துக் குறுகிய ‘ஆத்தர்’. பெயர் தேய்ந்து எண் மட்டும் எஞ்சியிருந்தால் அதைப் பெரிய அதிர்ஷ்டமாகக் கொள்ளலாம்: எண்ணும் வடிவமும் ஒரே பட்டியலில் பொருந்தினால் ஏறக்குறைய விடை கிடைத்த மாதிரிதான். எண்ணும் இல்லாதபோதுதான் சிக்கல்; அதன் வேர் பிரான்சில் இருக்கிறது.

ஜூரா மலைப்பகுதியில் சாங் குளோத் என்ற ஊர். யாத்திரிகர்களுக்கு மரச் சாமான்கள் கடைந்து விற்றே பழகிய ஊர் அது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரையர் அங்கே வந்து சேர்ந்தது. மத்தியதரைக் கடற்கரைப் புதர் ஒன்றின் வேர்முண்டு அது. நெருப்பைத் தாங்கும், ஈரத்தை உறிஞ்சும். முண்டை வெட்டி, மணிக்கணக்கில் கொதிக்க வைத்துச் சாறு நீக்கி, மாதக்கணக்கில் உலர்த்தி, பிறகு கடைசல் பிடிப்பார்கள். அந்த ஊர்ப் பட்டறைகள் தமக்காக மட்டும் கடையவில்லை. லண்டன், பாரிஸ், நியூயார்க் நிறுவனங்கள் கடைந்த கிண்ணங்களை அங்கிருந்து வாங்கி, மெருகேற்றி, வாய்க்குழல் பொருத்தித் தம் பெயரைப் பொறித்தன. கோமாய் நிறுவனத்தை 1879-இல் லண்டனில் நிலைநாட்டிய ஆன்ரி கோமாயே சாங் குளோத்காரர்தான். ஒரே கடைசலில் அடுத்தடுத்து இறங்கிய நான்கு கிண்ணங்களில் மூன்று வெவ்வேறு பெயர்களோடும், நான்காவது பெயரே இல்லாமலும் கடைக்குப் போயிருக்கலாம். அந்த நான்காவதைப் பார்த்து ‘யார் செய்தது’ என்று கேட்டால் எந்தப் பதில் சரி?

பெயர் இல்லாமல் போனதற்கும் காரணங்கள் உண்டு. புகையிலைக் கடைக்காரர்கள் மலிவுச் சுங்கான்களைக் கூடையில் குவித்து விற்றார்கள். அவற்றுக்குப் பெயர் தேவைப்படவில்லை. பிரையரில் மணலும் குழியும் இயல்பு. கடையும்போது குழி வெளிப்பட்டால் அந்தக் கிண்ணத்துக்கு மக்கு வைத்து, சாயம் பூசி, பெரிய நிறுவனங்கள் வேறு பெயரிலோ பெயரின்றியோ தள்ளிவிட்டன. வெயிலில் சாய்த்துப் பார்த்தால் மக்கு தெரியும்: ரேகை ஓடிவந்து, சிவந்த புள்ளி ஒன்றில் சட்டென்று நின்றுவிடும். இன்னொரு வகை, முத்திரை இருந்து அழிந்தவை. தண்டில் குத்தும் எழுத்துகள் ஆழம் குறைந்தவை. மெருகுச் சக்கரத்தில் நாலு முறை அழுத்திப் பிடித்தால் போதும், போய்விடும்.

எழுத்து இருந்தாலும் அது பெயராக இருக்க வேண்டியதில்லை. ‘புருயேர் கரந்தி’ என்று பொறித்ததைச் செய்தவர் பெயர் என்று எண்ணி அவரைத் தேடித் திரிந்தவர்கள் ஏராளம். உண்மையான பிரையர் என்று பிரெஞ்சில் சொல்வதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. ‘இம்போர்ட்டட் பிரையர்’ என்றால் மரம் வெளிநாட்டிலிருந்து வந்தது என்று அர்த்தம். சுங்கான் பெரும்பாலும் அமெரிக்கத் தயாரிப்பு. ‘லண்டன் மேட்’ என்பதைப் பலர் பயன்படுத்தினார்கள். நாட்டின் பெயர் மட்டும் இருந்தால் அதற்கொரு பயன் உண்டு. 1890-ஆம் ஆண்டின் மெக்கின்லி சுங்கச் சட்டம், அமெரிக்காவுக்குள் வரும் சரக்கில் அது உருவான நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. 1891 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ‘பிரான்ஸ்’ என்றோ ‘இங்கிலாந்து’ என்றோ பொறித்தவை பெரும்பாலும் அதற்குப் பிந்தியவை.

ஒரு சுங்கானைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். சிறிய வளைந்த பிரையர், தண்டில் எழுத்தே இல்லை. தண்டின் முனையில் வெள்ளிப் பூண். அதில் கடுகளவு முத்திரைகள் மூன்று: நங்கூரம், நடக்கும் சிங்கம், ஓர் எழுத்து. பக்கத்தில் தேய்ந்த இரண்டு எழுத்துகள். நங்கூரம் என்றால் பர்மிங்ஹாமில் சோதித்த வெள்ளி. சிங்கம் தரத்தைச் சொல்கிறது. மூன்றாவது எழுத்து ஆண்டைக் குறிப்பது. எழுத்தின் வடிவமும் அதைச் சுற்றிய கேடயத்தின் வடிவமும் சுற்றுக்குச் சுற்று மாறும், அட்டவணை பார்த்து ஆண்டைச் சொல்லிவிடலாம். தேய்ந்த இரண்டு எழுத்துகள் வெள்ளியைச் சோதனைக்கு அனுப்பியவரின் அடையாளம். அங்கே ‘ஏ.எஃப்.’ என்று படிக்க முடிந்தால் அது அடால்ஃப் ஃபிராங்காவ், பி.பி.பி. சுங்கான்களை விற்ற நிறுவனம். மரம் வாய் திறக்காதபோது வெள்ளி சொல்லிவிடுகிறது.

அவசரம் வேண்டாம். அந்தப் பூண் சுங்கானோடு பிறந்ததா, பிறகு வந்ததா? தயாரிப்பிலேயே போட்டதென்றால் பெரும்பாலும் தண்டின் முனையைப் படியாகச் செதுக்கி, பூணும் மரமும் ஒரே மட்டத்தில் நிற்கும்படி பொருத்தியிருப்பார்கள். விரிசலை மறைக்கப் பின்னால் போட்டதென்றால் பூண் மேலே துருத்திக்கொண்டிருக்கும், அடியில் பழைய மெருகு தெரியும். அப்போது ஆண்டெழுத்து சொல்வது பழுது பார்த்த ஆண்டைத்தான். இன்னொன்று: மலிவான நிக்கல் பூண்களில் வெள்ளி முத்திரை போலவே தோன்றும் வெற்று அலங்காரத்தைக் குத்திவிடுவதும் உண்டு. சிங்கமா பூனையா என்று தெரியாத அளவுக்கு மங்கலாக இருந்தால், பெரும்பாலும் அதைச் சிங்கமாக்க யாரும் முயன்றிருக்க மாட்டார்கள்.

இனி வாய்க்குழலைக் கழற்றுவோம். திருகி எடுக்க வேண்டியிருந்து, உள்ளே எலும்பாலான திருகு இருந்தால் அது 19-ஆம் நூற்றாண்டையோ 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சேர்ந்தது. வாய்க்குழலோடு ஒன்றாகக் கடைந்த கழுந்தைச் செருகும் முறை பின்னால் பரவியது. உதட்டில் புகை வரும் துளை ஊசிக்கண் போல வட்டமாக இருந்தால் பழையது, குறுக்கே கீறிய பிளவாக இருந்தால் பிந்தியது. கட்டைவிரலால் தேய்த்து முகர்ந்தால் கந்தக நெடி வருகிறதா? அப்படியானால் அது வல்கனைட், கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். வெளிச்சம் பட்டுப் பட்டு அது பச்சை கலந்த பழுப்பாக மாறும். நிறம் மாறாமல் கண்ணாடிபோல் பளபளத்தால் அக்ரிலிக். பல்லில் தட்டிப் பார்த்தால் அக்ரிலிக்கின் கடினம் தெரியும் (கழுவிவிட்டுத் தட்டுங்கள்).

சில நிறுவனங்கள் உள்ளமைப்பிலேயே தம் கையெழுத்தை விட்டுச் சென்றன. உதட்டின் மேற்புறத்தில் துளை, தண்டுக்குள் எச்சிலும் ஈரமும் தேங்க ஒரு குழி என்றால் டப்ளினின் பீட்டர்சன் நினைவுக்கு வரும். சார்லஸ் பீட்டர்சனின் 1890, 1898 காப்புரிமைகள் அவை. ஆனால் நியூயார்க்கின் டெமுத் நிறுவனம் ‘வெல்லிங்டன்’ என்ற பெயரில் இதே பாணியில் செய்து விற்றது. பெயர் தேய்ந்த வெல்லிங்டன்கள் பீட்டர்சன் விலைக்குப் போவது வழக்கமாகிவிட்டது. மரத்தின் மேற்பரப்பை மணல் வீசிக் குடைந்திருந்தால் அது 1917-க்கு முந்தியதாக இருக்க வாய்ப்புக் குறைவு. டன்ஹில் அந்த முறைக்குக் காப்புரிமை பெற்றது அப்போதுதான். 9 மில்லிமீட்டர் வடிகட்டி கொள்ளும் அகலத் துளை என்றால் ஜெர்மானியச் சந்தை. மரமே பிரையராக இல்லாமல், மலை லாரலாகவோ மன்சானிட்டாவாகவோ இருந்தால் இரண்டாம் உலகப் போர்க் கால அமெரிக்காவை நினைக்கலாம். மத்தியதரைக் கடல் வழி அடைபட்டு பிரையர் வராத ஆண்டுகள் அவை.

இத்தனையும் சேர்ந்து தருவது காலமும் வட்டாரமும். பெயர் கிடைத்தால் அது வெள்ளியின் தயவு அல்லது எண்ணின் தயவு.

மரத்தை விட்டுக் களிமண்ணுக்குப் போனால் நிலைமை தலைகீழ். முந்நூறு, நானூறு ஆண்டுப் பழமை, முக்கால்வாசியும் உடைந்த துண்டு. ஆனாலும் பிரையரைவிடத் தெளிவாகப் பேசுகிறது. காரணம் எளிது. களிமண் சுங்கான் மலிவு, சீக்கிரம் உடையும், உடைந்தால் தூக்கி எறிவார்கள். ஆகவே செய்த காலமும் எறிந்த காலமும் நெருங்கி இருக்கும். வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுன் குடியேற்றத்துக்கு 1608-லேயே ராபர்ட் காட்டன் என்ற சுங்கான் செய்பவர் வந்து இறங்கியிருக்கிறார். லண்டனில் 1619-இல் இந்தத் தொழிலாளர்களுக்கு அரச சாசனம் கிடைத்துவிட்டது. புகையிலை பொன்விலை விற்ற தொடக்க காலத்தில் கிண்ணம் சுண்டுவிரல் நுனி நுழையும் அளவுதான். விலை இறங்க இறங்கக் கிண்ணம் பெருத்தது. 17-ஆம் நூற்றாண்டின் பீப்பாய் வயிறு மெல்ல நிமிர்ந்தது; சாய்ந்திருந்த விளிம்பு 18-ஆம் நூற்றாண்டில் தண்டுக்கு இணையாக வந்தது. கிண்ணத்தின் அடியில் இருந்த தட்டையான குதி சில வட்டாரங்களில் கூரிய முள்ளாக மாறியது. ஆட்கின்சன், ஆஸ்வால்ட் இருவரும் 1969-இல் லண்டன் கிண்ணங்களை இப்படி வரிசைப்படுத்தியது இன்றும் கையேடாக இருக்கிறது.

கிண்ணமே இல்லாமல் தண்டு மட்டும் கிடைத்தால்? ஜே. சி. ஹாரிங்டன் 1954-இல் ஓர் எளிய வழி சொன்னார். தண்டின் துளைக்குள் துரப்பண ஊசிகளை விட்டு அளவெடுத்தார். காலம் செல்லச் செல்லத் துளை சிறுத்து வருவதைக் கண்டார். தண்டு நீண்டுகொண்டே போனதால் உள்ளே விடும் கம்பியும் மெலிய வேண்டியிருந்தது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். 1962-இல் லூயிஸ் பின்ஃபோர்டு இதை வாய்பாடாக்கினார்: துளை விட்டத்தின் சராசரியை அங்குலத்தின் 64-இல் ஒரு பங்காக அளந்து, 38.26-ஆல் பெருக்கி, 1931.85-இலிருந்து கழித்தால் ஆண்டு. சராசரி 7 என்றால் 1664 வாக்கில். 6 என்றால் 1702 வாக்கில். வாய்பாட்டை அப்படியே நீட்டினால் 1931-இல் துளையே அடைபட்டுவிடும்! 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைத் தாண்டி இது உதவாது. குவியலாகத் தண்டுகள் கிடைத்தால்தான் சராசரிக்கும் பொருள் உண்டு. ஒற்றைத் துண்டை வைத்து ஆண்டு சொல்பவரை நம்ப வேண்டாம்.

செய்தவர் யார் என்ற கேள்வி களிமண்ணிலும் கடினம்தான். பலர் குதியில் தம் பெயரெழுத்துகளைக் குத்தினார்கள், பலர் குத்தவில்லை. குத்தாதவற்றுக்கு இரண்டு வழிகள். ஒன்று, அச்சின் பழுது: உலோக அச்சில் விழுந்த கீறல் அதில் வார்த்த ஒவ்வொரு சுங்கானிலும் அதே இடத்தில் வரும். மற்றொன்று, சூளையில் கோணி எறிந்த கழிவு. மேரிலாந்தில் 1660-களில் தொழில் செய்த இமானுவேல் டிரூ என்பவரின் சூளையிடத்தைத் தோண்டியபோது உள்ளூர்ச் செம்மண்ணில் ஆங்கிலேய பாணியில் செய்த துண்டுகள் கிடைத்தன. அதற்குப் பிறகு அந்த வட்டாரத்தில் கிடைக்கும் ஒத்த துண்டுகளுக்கு ஓர் ஒப்பீட்டுப் புள்ளி கிடைத்தது.

மேரிலாந்தும் வர்ஜீனியாவும் அடங்கிய அந்தச் செசப்பீக் வட்டாரத்தில்தான் இந்தத் துறையின் பெரிய சண்டையும் நடந்தது. 17-ஆம் நூற்றாண்டின் சிவந்த, பழுப்பு நிறச் சுங்கான்கள் அங்கே ஏராளம். மேலே புள்ளிக்கோடுகளால் மான், விண்மீன், முக்கோண வரிசைகள். பள்ளங்களில் வெள்ளைக் களிமண் நிரப்பு. செய்தவர் பெயர் எதிலும் இல்லை. அந்த அலங்காரங்களில் மேற்கு ஆப்பிரிக்கக் கைவண்ணம் தெரிகிறது என்று மேத்யூ எமர்சன் 1988-இல் வாதிட்டார். டேனியல் மவர் உள்ளிட்டோர் 1999-இல் மறுத்தார்கள்: இந்த அலங்காரங்களுக்கு வேர் அப்பகுதிப் பழங்குடியினரின் மட்கல மரபில் இருக்கிறது என்றார்கள். அடிமைகளும் பழங்குடியினரும் ஐரோப்பிய ஒப்பந்தக் கூலிகளும் ஒரே தோட்டத்தில் வேலை செய்த காலம் அது. ஓர் அலங்காரத்தை ஒருவர் தொடங்க, இன்னொருவர் நகலெடுக்க, மூன்றாமவர் வாங்கிப் புகைத்திருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே இனத்தின் கைக்குக் கொடுக்கும் எந்த விடையும் எனக்கு ஏற்புடையதாக இல்லை. சூளைச் சான்று இல்லாமல் கோலத்தை மட்டும் வைத்து இதைத் தீர்க்க முடியாது.

ஆய்வகமும் கடைசியில் ஹோம்ஸ் போன வழியிலேயே போயிருக்கிறது. மேரிலாந்தின் பெல்வார் தோட்டத்தில் அடிமைகள் குடியிருப்பில் கிடைத்த களிமண் தண்டு ஒன்றில் எச்சிலின் மரபணு எஞ்சியிருந்ததை 2019-இல் வெளியான ஆய்வு காட்டியது. புகைத்தவர் ஒரு பெண். அவருடைய மரபணு இன்றைய சியரா லியோனின் மெண்டே மக்களோடு நெருங்கியது. உடையவரின் பாலும் வேரும் தெரிந்துவிட்டன. தண்டின் துளைக்குக் கம்பி விட்ட கை யாருடையது என்பதை அந்த எச்சில் சொல்லாது.

மற்ற வகைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மீர்ஷாம் என்ற வெண்ணிறக் கனிமம் துருக்கியின் எஸ்கிஷெஹிரிலிருந்து வருவது. வியன்னாவின் சிற்பிகள் அதைப் பெரும் கலையாக்கினார்கள். கிண்ணத்தில் அவர்கள் பெயர் பொறித்தது அரிது. பெயர் இருந்தால் அதற்கென்றே வடித்த தோல்பெட்டியின் மூடியில், உட்புறப் பட்டில் பொன்னெழுத்தாக இருக்கும். அதுவும் பல நேரங்களில் விற்ற கடையின் பெயர். பெட்டியைத் தனியாக விற்றுக் காசாக்குபவர்கள் சுங்கானின் பாதி வரலாற்றை விற்றுவிடுகிறார்கள். சோளக்கதிர்ச் சுங்கானில் காகிதச் சீட்டு ஒட்டுவார்கள், அது விழுந்துவிடும். விழுந்தாலும் மிசூரி மாநிலத்து வாஷிங்டன் நகரத்தை, 1869-இல் அங்கே தொடங்கிய இந்தத் தொழிலை, முதலில் நினைப்பதில் பெரிய பிழை வராது.

ஆகவே, பெயர் இல்லாத பிரையருக்குச் சீட்டு எழுத வேண்டியிருந்தால் ‘வளைந்த ரொடீஷியன், வல்கனைட் வாய்க்குழல், பிரான்ஸ் அல்லது இங்கிலாந்து, 1920–1940’ என்பதோடு நிறுத்துவதே சரியான விவரிப்பு. ‘டன்ஹிலாக இருக்கலாம்’ என்று சேர்ப்பது விலையை ஏற்றத்தான். அந்த ‘லாம்’ ஒன்றுக்கு வாங்குபவர் காசு கொடுக்க வேண்டியதில்லை.

வீட்டில் இப்படி ஒன்று இருந்தால் ஒரு வேண்டுகோள். பளபளப்பாக்க வேண்டும் என்று உப்புத்தாளையோ மெருகுச் சக்கரத்தையோ தண்டின்மேல் வைக்காதீர்கள். ஈரத்துணியால் அழுக்கை மட்டும் துடையுங்கள். இருட்டறையில் டார்ச் வெளிச்சத்தைத் தண்டுக்குப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்து, இடமும் வலமும் அடியும் லென்ஸால் மெதுவாகப் பாருங்கள். எழுத்தென்று சொல்ல முடியாத ஒரு கோடோ எண்ணோ தெரிந்தால் முதலில் அதைப் படமெடுத்து வையுங்கள். சுத்தம் செய்வதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.